செயற்கை நுண்ணறிவு முகவரின் செயற்பதிவு அதன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

வன்னியின் கூட்டுறவுச் சங்கங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் சில அலுவலகங்களிலும் எழுத்து வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு முகவர்களிடம் ஒப்படைப்பது பற்றிய பேச்சுத் தொடங்கியிருக்கிறது. வேலை எவ்வளவு வேகமாக முடியும், மாதச் செலவு எவ்வளவு, நிரப்பப்படாத எழுதுநர் வெற்றிடங்களை இதைக்கொண்டு சமாளிக்கலாமா என்ற கேள்விகளை எல்லோரும் கேட்கிறார்கள். அந்த முகவர் செய்தவற்றை எது பதியும், அந்தப் பதிவு யாருடைய பொறுப்பில் இருக்கும், ஐந்து ஆண்டு கழித்து ஒரு கமக்காரர் வந்து கேட்டால் எதை எடுத்துக் காட்டுவது என்பவற்றை எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. கூட்டுறவுக் கணக்காய்வில் பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், இவற்றுக்குப் பதில் கிடைக்கும் வரை எந்த முகவருக்கும் எந்த ஏட்டையும் திறந்துவிட வேண்டாம் என்று இக்கடிதத்தின் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். கைத்தொலைபேசியில் கேள்வி கேட்டுப் பதில் பெறும் உரையாடற் செயலிகளை இன்று பலரும் அறிவர். அவை தவறாகச் சொன்னாலும், அதை நம்பி ஒருவர் நடந்தால்தான் தீங்கு நேரும். முகவர் என்பது அதற்கு அடுத்த படி. அந்தச் செயலிகளை இயக்கும், வாக்கியங்களைக் கோத்துத் தரும் மொழி மாதிரி என்ற அதே மென்பொருளுக்குக் கருவிகளைக் கையாளும் அனுமதி கொடுக்கப்படுகிறது. அது தரவுத்தளத்தைத் திறக்கும், கோப்பைத் தேடும், படிவத்தை நிரப்பும், மின்னஞ்சல் அனுப்பும், ஒரு விண்ணப்பத்தின் நிலையை மாற்றும். ஒரு வேலையைச் சொல்லிவிட்டால், எந்தக் கருவியை முதலில் எடுப்பது என்று அதுவே தீர்மானித்து, கிடைத்த விடையைப் பார்த்து அடுத்த அடியை வைத்து, வேலை முடிந்துவிட்டது என்று தானே கருதும் வரை இயங்கிக்கொண்டிருக்கும். 2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்.சி.பி. போன்ற பொது இணைப்பு முறைகள் வந்த பின்னர், ஒரு முகவரை ஓர் அலுவலகத்தின் தரவுத்தளத்தோடு இணைப்பது சிறிய நிறுவனங்களுக்கும் கைகூடிய வேலையாகிவிட்டது. ஆகவே இது கொழும்பில் மட்டும் நடக்கும் காரியம் என்று நாம் இருந்துவிட முடியாது.

எமது பிரதேசத்தில் ஒரு சங்கத்தின் கூட்டத்துக்கு இத்தகைய மென்பொருளை விற்கும் நிறுவனம் ஒன்றின் பிரதிநிதிகள் வந்து விளக்கமளித்தபோது நானும் இருந்தேன். கடன் விண்ணப்பங்களைப் படித்து, உறுப்பினர் பதிவேட்டோடு ஒப்பிட்டு, தகுதியானவற்றைத் தனியாகவும் குறைபாடுள்ளவற்றைத் தனியாகவும் பிரித்துவைக்கும் முகவரை அவர்கள் காட்டினார்கள். வேலை திறமையாகவே நடந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு விண்ணப்பம் ஏன் ஒதுக்கப்பட்டது என்பதைப் பின்னர் எப்படி அறிவது என்று கேட்டேன். “முகவரிடமே கேட்கலாம், அது தமிழிலேயே விளக்கம் சொல்லும்” என்று பதில் வந்தது. சபையில் இருந்தவர்களில் பலருக்கு அது நல்ல பதிலாகவே தோன்றியது. அந்தப் பதிலில் இருந்த ஆபத்தை விளக்கவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கணக்காய்வுத் தடம் என்று நாங்கள் சொல்வது, ஐந்தொகையில் நிற்கும் ஒரு தொகையிலிருந்து பேரேடு, காசேடு, உறுதிச்சீட்டு என்று பின்னோக்கி நடந்து, பணம் வாங்கியவரின் கையொப்பம் வரை போய்ச் சேரக்கூடிய வழியையே ஆகும். அந்த வழி நம்பகமாக இருப்பதற்கு ஒரு பழைய விதி உண்டு. காசைக் கையில் வைத்திருப்பவர் காசேட்டை எழுதக் கூடாது. எழுதினால், தவறு நடந்த இடமும் தவறு மறையும் இடமும் ஒன்றாகிவிடும். நேர்மையான காசாளருக்கும் இதே விதிதான். அவரை நம்பாததால் இதை வைக்கவில்லை. அவர்மீது வீண்பழி விழுந்தால் அவரைக் காப்பாற்றுவதும் இந்தப் பிரிப்புத்தான். செயலைச் செய்த முகவரிடமே அந்தச் செயலின் விளக்கத்தைக் கேட்டுப் பெறுவது, காசாளரின் வாய்மொழியையே காசேடாக ஏற்றுக்கொள்வதற்குச் சமம்.

இது கற்பனையான அச்சம் அன்று. 2025 ஜூலையில் ரெப்லிட் என்ற நிறுவனத்தின் முகவர் ஒன்று, எதையும் மாற்ற வேண்டாம் என்ற தெளிவான அறிவுறுத்தல் இருந்தும் ஒரு வாடிக்கையாளரின் இயங்கிக்கொண்டிருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்டது. அழிந்ததை மீட்க முடியாது என்றும் அது அவரிடம் சொன்னது, ஆனால் உண்மையில் மீட்க முடிந்தது. மொழி மாதிரி பொய் சொல்ல வேண்டும் என்று திட்டமிட்டு இயங்குவதாக நான் சொல்ல வரவில்லை. தான் செய்ததைப் பற்றிக் கேட்கும்போதும் அது பொருத்தமாகத் தோன்றும் வாக்கியங்களையே கோத்துத் தருகிறது. ஒரு முடிவுக்கு அது சொல்லும் காரணமும், உண்மையில் அந்த முடிவைத் தூண்டிய காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே முகவரின் விளக்கத்தை எழுதி வைப்பதானால், அதை அதன் கூற்று என்றே எழுதி வைக்க வேண்டும். நடந்தது என்ன என்பதற்கு வேறு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சியை உருவாக்குவது கடினமான தொழில்நுட்பம் அன்று. முகவர் தரவுத்தளத்தை நேரடியாகத் தொடாமல், இடையில் ஒரு வாயில் வழியாக மட்டுமே எதையும் செய்யும்படி அமைக்கலாம். அந்த வாயிலில் நிற்பது சாதாரணமான, எழுதிக் கொடுத்தபடி மட்டும் நடக்கும் ஒரு நிரல். முகவர் ஒரு பதிவைப் பார்க்கக் கேட்டாலும் மாற்றக் கேட்டாலும், அந்த நிரல் முதலில் கோரிக்கையைப் பதிந்து, பிறகே அனுமதித்து, கிடைத்த விடையையும் பதியும். இந்தப் பதிவுகள் சேரும் இடத்தில் புதிதாகச் சேர்க்க மட்டும் முடிய வேண்டும். திருத்தவோ அழிக்கவோ முகவருக்கும் வழி இருக்கக் கூடாது, மென்பொருளை விற்ற நிறுவனத்துக்கும் சங்கத்தின் பொது முகாமையாளருக்கும்கூட இருக்கக் கூடாது. இந்த ஓர் அமைப்பு சரியாக இருந்தால் மற்றக் குறைகளைப் பின்னர் சரிசெய்யலாம்.

எதை எதையெல்லாம் பதிவது என்பதற்கு எமது மண்ணின் ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். வெள்ளத்தில் காலபோக நெல் அழிந்த பின்னர் இழப்பீட்டு விண்ணப்பங்கள் குவிகின்றன என்றும், அவற்றைக் காணிப் பதிவோடு ஒப்பிடும் வேலை ஒரு முகவரிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். வட்டக்கச்சியிலோ உருத்திரபுரத்திலோ ஒரு கமக்காரரின் வயல், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவருடைய தகப்பனாருக்கு வழங்கப்பட்ட உத்தரவுப் பத்திரத்தில் இருக்கிறது. தகப்பனார் காலமாகிவிட்டார், பின்னுரித்து மாற்றம் முடியவில்லை. தகப்பனாரின் பெயர் சின்னத்தம்பி என்றால், ஆங்கில எழுத்தில் ஓர் ஆவணம் அதை ‘எஸ்’ என்று தொடங்கும், இன்னொன்று ‘சி, எச்’ என்று தொடங்கும். கடைசி எழுத்து ஓரிடத்தில் ‘ஐ’, வேறோரிடத்தில் ‘வை’. வன்னியில் இப்படிப் பெயர் முரண்படாத குடும்பம் ஒன்றைக் காண்பது அரிது. முகவர் இரு பெயர்களையும் வேறு வேறு ஆட்கள் என்று கொண்டு விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுகிறது. கமக்காரருக்குக் கிடைப்பது “ஆவணங்கள் பொருந்தவில்லை” என்ற ஒரு வரி மட்டுமே.

பதிவு ஒழுங்காக இருந்தால் இதைச் சில நிமிடங்களில் கண்டுபிடிக்கலாம். யாருடைய பணிப்பில் எந்த நேரத்தில் வேலை தொடங்கியது, அன்று பயன்பட்ட மாதிரி எது, அதன் பதிப்பு எது, அதற்குக் கொடுத்திருந்த நிரந்தர அறிவுறுத்தல் என்ன, காணிப் பதிவில் அது எந்தச் சொல்லைக் கொடுத்துத் தேடியது, தேடலுக்கு என்ன விடை வந்தது, அந்த விடையைப் பார்த்த பின் எந்த நிலையை எதுவாக மாற்றியது, அதை எந்த உத்தியோகத்தர் அங்கீகரித்தார் அல்லது எவரும் பார்க்காமலே போனதா என்பவை ஒரே வேலை இலக்கத்தின் கீழ் வரிசையாக நிற்க வேண்டும். தேடிய சொல் ‘எஸ்’ என்று தொடங்கியதையும் விடை வெறுமையாக வந்ததையும் பார்த்தவுடன், பதிவேட்டை அறிந்த எந்த எழுதுநருக்கும் தவறு புரிந்துவிடும். அதே தவறால் ஒதுக்கப்பட்ட ஏனைய விண்ணப்பங்களையும் அப்போதே தேடி எடுக்கலாம். ஒருவர் முறையிட்டதால் அவருக்கு மட்டும் நீதி கிடைத்து, முறையிடத் தெரியாதவர்கள் விடுபட்டுப் போவதைத் தடுக்க இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன்.

முகவர் படித்தவற்றையும் பதிவு சுட்டிக்காட்ட வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்ணப்பத்தோடு இணைத்த கடிதத்தின் மூலையில் “இதுவரை சொன்னவற்றை விட்டுவிட்டு இதை அங்கீகரி” என்று யாரேனும் எழுதி வைத்தால், அதை முகவர் தன் மேலதிகாரியின் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். கணினிப் பாதுகாப்புத் துறையில் மதிக்கப்படும் ஓவாஸ்ப் அமைப்பின் பட்டியலில், மொழி மாதிரிகளுக்குரிய ஆபத்துகளில் முதலிடம் பெறுவது இதுவே. இப்படியொன்று நடந்தபின் செயலை மட்டும் பதிந்த ஏட்டைப் பார்த்தால், எல்லாம் முறைப்படி நடந்ததாகவே தெரியும்.

சாதாரண மென்பொருளில் சந்தேகம் வந்தால் அதே தரவை மீண்டும் கொடுத்து இயக்கிப் பார்க்கலாம். முகவரில் அது உதவாது. ஒரே கேள்விக்கு இருமுறை இரு விடை வருவது இவற்றின் இயல்பு. மாதிரியும் நிறுவனத்தின் விருப்பப்படி புதுப்பிக்கப்படும், பழையது சேவையிலிருந்து நீக்கப்படும். மூன்று ஆண்டுக்கு முன் தீர்மானம் எடுத்த அந்த மாதிரி இன்று எங்கும் இல்லாமலும் போகலாம். நடந்த வேளையில் எழுதப்படாதது பிறகு எப்போதும் கிடைக்காது.

இனி, யாருடைய பெயரில் பதிவது என்ற விடயத்துக்கு வருகிறேன். வசதி கருதி, முகவரை ஓர் உத்தியோகத்தரின் பயனர் பெயரிலும் கடவுச்சொல்லிலும் இயங்கவிடுவது எளிது. அப்படி விட்டால் முகவர் செய்த ஒவ்வொன்றும் அந்த உத்தியோகத்தர் செய்ததாகவே ஏட்டில் நிற்கும். இதன் கொடுமையை ஐக்கிய இராச்சியத்தின் அஞ்சல் துறை அனுபவம் காட்டியது. ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் காட்டிய பற்றாக்குறைகளின் பேரில் 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலக நடத்துநர்கள் திருட்டு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள், பலர் சொத்தை இழந்தார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்பதையும், அதை இயக்கிய புஜிட்சு நிறுவனத்தால் நடத்துநருக்குத் தெரியாமலே அவருடைய கிளைக் கணக்கில் தொலைவிலிருந்து நுழைய முடிந்தது என்பதையும் 2019 டிசெம்பரில் இலண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்பாக எழுதியது. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் அத்தண்டனைகளை மொத்தமாக நீக்க 2024 மே மாதத்தில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அந்த நடத்துநர்களின் கையில் முழுமையான செயற்பதிவு இருந்ததில்லை. அது நிறுவனத்தின் பக்கத்தில் இருந்தது. தம்மைக் காப்பாற்றக்கூடிய சான்றை எதிர்த்தரப்பிடம் கேட்டுத்தான் பெற வேண்டிய நிலையில் அவர்கள் நின்றார்கள்.

எங்கள் கிராம அலுவலரோ சங்கத்தின் கிராமிய வங்கியில் இருக்கும் இளம் எழுதுநரோ நாளை அந்த நிலையில் நிற்கக் கூடாது. முகவருக்குத் தனிப் பெயரும் தனி அனுமதியும் வேண்டும். அது தொட்ட இடத்தில் அதன் பெயரும், அதை ஏவியவரின் பெயரும், அங்கீகரித்தவரின் பெயரும் ஏட்டின் மூன்று வெவ்வேறு கட்டங்களில் நிற்க வேண்டும். அதே வேளை, முகவரின் பெயர் அங்கே நிற்பதால் நிறுவனத்தின் பொறுப்பு நீங்கிவிடாது. தன் இணையத்தளத்தின் உரையாடற் செயலி சொன்னதற்கு அந்தச் செயலியே பொறுப்பு என்ற வகையில் எயர் கனடா நிறுவனம் வைத்த வாதத்தைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியத் தீர்ப்பாயம் 2024 பெப்ரவரியில் ஏற்க மறுத்தது.

ஏட்டை யாரும் பின்னர் மாற்றவில்லை என்பதை எப்படி அறிவது என்று வாசகர்கள் கேட்கலாம். பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் தொடர் இலக்கம் அச்சிடுவதும், பழுதான சீட்டைக் கிழித்து வீசாமல் இரத்து என்று எழுதிப் புத்தகத்திலேயே வைப்பதும் இதற்காகத்தான். முகவரின் தோல்வியுற்ற முயற்சிகளையும், வாயில் மறுத்த கோரிக்கைகளையும், அது திரும்ப முயன்றதையும் விடாமல் பதிய வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கும் இந்தப் பழக்கமே காரணம். கணினியில் தொடர் இலக்கத்தைவிட உறுதியான முறை ஒன்று உண்டு. ஒரு பதிவின் முழு உள்ளடக்கத்தையும் எஸ்.எச்.ஏ. 256 என்ற கணிப்பு முறைக்குள் கொடுத்தால் 64 எழுத்துகளாலான ஒரு முத்திரை கிடைக்கும். உள்ளடக்கத்தில் ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை முற்றாக மாறிவிடும். ஒவ்வொரு பதிவுக்குள்ளும் அதற்கு முந்திய பதிவின் முத்திரையைச் சேர்த்துவிட்டால், நடுவில் ஒன்றைத் திருத்துபவர் அதற்குப் பின்னுள்ள அனைத்தையும் திருத்த வேண்டி வரும். ஸ்டுவர்ட் ஹேபர், ஸ்கொட் ஸ்டோர்னெட்டா ஆகிய இருவர் 1991இல் இந்த வழியை எழுதிக் காட்டினார்கள். அவர்கள் தொடங்கிய நிறுவனம் 1995 முதல் அத்தகைய முத்திரையை வாரந்தோறும் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் சிறு அறிவித்தல் பகுதியில் அச்சிட்டு வந்தது. அச்சாகி வீடுகளுக்குப் போன பத்திரிகையை எவரும் திரும்ப எடுத்து மாற்ற முடியாது. வடக்கின் சங்கங்களும் அலுவலகங்களும் தமது பதிவேடுகளின் வாராந்த முத்திரையைத் தங்கள் பத்திரிகையில் இரண்டு வரியில் வெளியிட முன்வந்தால், அதற்குச் சலுகைக் கட்டணத்தில் இடம் கொடுக்க முடியுமா என்பதை நிர்வாகம் பரிசீலிக்க வேண்டுகிறேன். மக்களின் பெயரோ விபரமோ அதில் ஒன்றும் இராது.

மின்சாரமும் இணையமும் மழைக்காலத்தில் எமது பகுதியில் எப்படி என்பதை வாசகர்கள் அறிவார்கள். பதிவு சேரும் இடத்தோடு தொடர்பு அறுந்தால் முகவரின் வேலையும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். இணைப்பு வந்த பின் பதிந்துகொள்ளலாம் என்று செயலை மட்டும் தொடரவிடக் கூடாது. இடைவெளி விழும் அந்த மணித்தியாலங்களில் நடந்தவற்றையே பின்னர் எல்லோரும் தேடுவார்கள். நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். இத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் பதியும், இலங்கை நேரம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் நிற்கிறது. காலை 5 மணிக்கு இங்கு நடந்தது ஏட்டில் முதல்நாள் இரவு 11.30 என்று நிற்கும். 2018 டிசெம்பர் வெள்ளத்தின் பின்னர் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி எவ்வளவு பெரிதாக எழுந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். நேரமும் தீர்மானித்தவரின் பெயரும் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டிருக்க வேண்டிய காரியங்கள் எங்கள் நிலத்தில் பல இருக்கின்றன. நீர்மட்ட எச்சரிக்கையை அனுப்பும் வேலை என்றோ ஒருநாள் ஒரு முகவரிடம் போகுமானால், இரு நேரங்களும் அருகருகே பதியப்பட்டிருக்க வேண்டும்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், அதிக ஆபத்துள்ள முறைமைகள் தாமாகவே செயற்பதிவை எழுதும்படி அமைய வேண்டும் என்றும், அப்பதிவுகளைக் குறைந்தது ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எமது நாட்டில் தகவல் அறியும் உரிமை பற்றிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், பகிரங்க அதிகாரசபைகள் புதிதாக உருவாக்கும் பதிவேடுகளைக் குறைந்தது 12 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது, கணினிப் பதிவுகளும் அச்சட்டத்தின்படி தகவலே. ஆகவே முகவரின் செயற்பதிவும் 12 ஆண்டு இருக்க வேண்டும் என்பதே என் வாசிப்பு. ஆனால் நிறுவனங்கள் தமது சேவையில் வைத்திருக்கும் பதிவு சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாக அழியும்படி பெரும்பாலும் அமைக்கப்பட்டிருக்கும். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் எவரும் அதை மாற்றித் தரமாட்டார்கள்.

செலவு தாங்காது என்று சொல்பவர்களுக்காக ஒரு சிறு கணக்கைத் தருகிறேன். ஒரு செயலின் பதிவு 5 கிலோபைட் என்றும், நாளொன்றுக்கு 1,000 செயல் என்றும் வைத்தால், நாளுக்கு 5 மெகாபைட். ஆண்டுக்கு 1.8 கிகாபைட் அளவு, 12 ஆண்டுக்கு 22 கிகாபைட்டுக்கும் குறைவு. சட்டைப் பையில் கொண்டு திரியும் பென் டிரைவில் இது அடங்கிவிடும். விண்ணப்பதாரரின் ஆவணங்களைத் திரும்பப் பிரதி எடுத்துச் சேர்க்க வேண்டியதில்லை. அவை கோப்பில் இருக்கும், அவற்றின் இலக்கமும் முத்திரையும் பதிவில் இருந்தால் போதும்.

ஆவணம் இல்லாத மனிதர் படும் பாட்டை வன்னி மக்களுக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 2009 வரை இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வங்கிப் புத்தகமும் ஒவ்வோர் இடத்திலும் கைவிட்டுப் போனவர்கள், பின்னர் தமது சொந்தக் காணி தமதே என்று காட்ட எத்தனை அலுவலகங்களின் வாங்கில்களில் காத்திருந்தார்கள் என்பதை நான் என் பணியிலேயே கண்டேன். அலுவலகப் பிரதிகளும் அழிந்துபோனதால், இருந்தவர்களின் நினைவையும் அயலவரின் சத்தியக் கடதாசியையும் கொண்டே பலவற்றை மீட்க வேண்டியிருந்தது. போர் அழித்ததை எம்மால் தடுக்க முடிந்திருக்காது. ஒரு மென்பொருள் ஒப்பந்தத்தில் ஒரு பந்தி எழுதாததால் நாளைய ஆவணங்கள் இல்லாமற் போவதை நாம் நிச்சயமாகத் தடுக்கலாம்.

இதே வரலாற்றின் இன்னொரு பக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. தம்மைப் பற்றி யாரோ எங்கோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்ற அச்சத்தோடு நீண்டகாலம் வாழ்ந்தவர்கள் நாங்கள். நான் கேட்கும் ஏடு முகவரையும் அதை ஏவும் அலுவலகத்தையும் கண்காணிக்க வேண்டியது, மக்களை அன்று. ஆகவே அடையாள அட்டை இலக்கம், நோய் விபரம், வங்கிக் கணக்கு போன்றவற்றை முழுமையாக எழுதாமல், கோப்பைச் சுட்டும் குறியீட்டை மட்டும் பதிவில் இடுவது நல்லது. பதிவைத் திறந்து பார்த்தவர் யார், எப்போது, எக்காரணத்துக்காக என்பதும் பதியப்பட வேண்டும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்பு பற்றிய 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், முற்றிலும் தானியங்கி முறையில் எடுக்கப்பட்டு ஒருவரின் உரிமைகளை மீளமுடியாத வகையிலும் தொடர்ச்சியாகவும் பாதிக்கக்கூடிய தீர்மானத்தை மீளாய்வு செய்யுமாறு கேட்கும் உரிமையை எழுதி வைத்திருக்கிறது. செயற்பதிவு இல்லாத இடத்தில் மீளாய்வு செய்பவர் எதைப் பார்த்து மீளாய்வு செய்வார்?

எழுதப்பட்ட ஏட்டை யாராவது வாசிக்கவும் வேண்டும். இதை இறுதியில் சொல்வதால் சிறிய விடயம் என்று கொள்ள வேண்டாம், எவரும் திறக்காத ஏடுகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவையாவது உள்ளகக் கணக்காய்வாளர் சில வேலை இலக்கங்களைத் தாமே தெரிவுசெய்து, முகவரின் பதிவையும் காகிதக் கோப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதை இரு திசையிலும் செய்ய வேண்டும். பதிவில் உள்ள தீர்மானத்திலிருந்து விண்ணப்பத்துக்குப் போனால், இருப்பது சரியா என்று தெரியும். விண்ணப்பப் பெட்டியிலிருந்து பதிவுக்குப் போனால்தான், பதிவிலே வராமற் போன விண்ணப்பங்கள் வெளிப்படும். முகவர் தவறாக ஒதுக்கியவரைவிட, முகவரின் கண்ணிலேயே படாமற் போனவர்தான் அதிகம் கவனிக்கப்படாதவர். இந்த வாசிப்புத் தமிழில் சாத்தியமாக வேண்டும். கணினிக் குறியீடுகளால் நிரம்பிய ஆங்கில வரிகளை நீட்டிவிட்டு இதுதான் பதிவு என்று சொன்னால், கமக்காரர் அமைப்பின் செயலாளருக்கு அது பயன்படாது. அந்தத் தமிழ் வடிவத்தை இன்னொரு முகவரைக் கொண்டு சுருக்கி எழுதுவிக்காமல், தேதி, செயல், ஏவியவர், விடை என்று நிலையான படிவமாக வாயில் நிரலே அச்சிட்டுத் தர வேண்டும்.

இவற்றைச் செய்யக்கூடிய அறிவு எமது மண்ணிலேயே இருக்கிறது. வவுனியாவில் பல்கலைக்கழகம் இருக்கிறது, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. வாயில் நிரலையும் தமிழ்ப் பதிவுப் படிவத்தையும் இவ்விரு இடங்களின் மாணவர்கள் ஒரு செயற்றிட்டமாக எடுத்து, சங்கங்கள் இலவசமாகப் பயன்படுத்தும்படி ஆக்கித் தர முடியும். கூட்டுறவுப் பரிசோதகர்களுக்கும் பிரதேச செயலகங்களின் கணக்குக் கிளையினருக்கும் இப்பதிவுகளை வாசிக்கும் பயிற்சியை அதே கையோடு அளிக்கலாம். மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம், முகவர் ஒன்றை அமர்த்த விரும்பும் எந்தச் சங்கமும் செயற்பதிவு எங்கே, யார் பொறுப்பில், எத்தனை ஆண்டுக்கு இருக்கும் என்பதை எழுத்தில் அறிவித்த பின்னரே ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது என்றே கருதுகிறேன். திணைக்களத்தில் இதற்குப் பொறுப்பாக இருப்பவர்கள் அத்தகைய சுற்றறிக்கை தயாராகிறதா என்பதைத் தங்கள் பத்திரிகையின் இதே பகுதியில் தெரிவித்தால், ஒப்பந்தங்களில் கையொப்பமிடக் காத்திருக்கும் சங்கங்களின் பணிப்பாளர் சபைகளுக்கு அது உடனடியாகப் பயன்படும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கூட்டுறவுக் கணக்காய்வு உத்தியோகத்தர்,
கிளிநொச்சி.